பிணையாளி

மல்லாவிக் கிளையில் எனக்கு இரண்டாம் கவுண்டர்.
பென்சன் நாளில் வீரகத்தியர்
ஏழரைக்கே வந்து நிற்பார்.
கதவு திறப்பது எட்டரைக்கு.
சைக்கிளைப் பூட்டுவதில்லை.
"பிரேக் இல்லாததை ஆர் எடுப்பான்" என்பார்.

வவுனிக்குளத்தில் துருசு திறந்த கை.
முப்பத்தொரு வருடம் அரச சம்பளம்,
இப்போது அதன் மிச்சமாய்
மாதாமாதம் தவறாமல் வரும் ஒரு தொகை.
எங்கள் பக்கத்தில்
தவறாமல் வருகிறவை குறைவு.
மழையை மட்டும் சொல்லவில்லை நான்.

வங்கிக்கு முகம் தெரியாது, சம்பளச் சிட்டைதான் தெரியும்.
வயலைக் காட்டினால் உறுதி கேட்கும்.
உறுதி எரிந்தது என்றால்
எரிந்ததற்கு ஓர் உறுதி கேட்கும்.
ஆகவே இளசுகள் எல்லாம்
கடைசியில் அவர் படலையைத் தட்டினார்கள்,
வேறு வேறு வருடங்களில்:
ஒற்றைக்காலோடு ஓட்டோ வாங்கிய பிரதாபன்,
கோழிக்கூடு போட்ட சத்தியவாணி,
இடையில் நிரோஜன்.

நிரோஜன் கடன் எடுத்த நாற்பதாம் நாள்
கடலேறிவிட்டான்.
பதினாறு மாதம்
வீரகத்தியரின் பென்சனில் நான்தான் கழித்தேன்,
இந்தக் கையால், நீல மையால்.
முதல் மாதம் மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
புத்தகத்தை இன்னொரு தரம் பார்த்தார்.
"வாய்க்கால் எண்டால் கசியும், பிள்ளை."
அவ்வளவுதான்.
அவர் சீனியில்லாமல் தேத்தண்ணி குடிப்பதைக்
கடைக்காரர் சொன்னார், நான் கேட்காமலே.

மாசியில் சுற்றறிக்கை வந்தது.
எழுபத்தைந்து தாண்டியவர்
இனிப் பிணை நிற்க முடியாது.
செத்துப்போவார்கள் என்பதை
'இடர்' என்று எழுதியிருந்தார்கள்.
அவருக்குப் பங்குனி பன்னிரண்டில் எழுபத்தைந்து.
ஒரே நேரத்தில் இருவருக்குத்தான் பிணை.
சத்தியவாணி இன்னும் கட்டுகிறாள்.
மீதி ஓர் இடம், ஒரு மாதம்.

பங்குனி பதினொன்று, பின்னேரம் இரண்டரை.
மடிப்புக் கலையாத சட்டை.
பின்னால் இருவர், தமக்கையின் பேரன்மார்,
ஆளுக்கொரு படிவத்தோடு.
வாசலுக்கு வெளியே சுகிர்தா,
மா அரைக்கிற மெசினுக்கு.
புனர்வாழ்வு முடித்து வந்தவள்.
அவள் வீட்டுக்கு யார் வந்து
என்ன விசாரிப்பார்கள் என்று ஊருக்குத் தெரியும்.
ஊர் அவளோடு நன்றாகக் கதைக்கும்.
அவளுக்காகப் பேனை மட்டும் திறக்காது.

"இதில ஆருக்கு வேற ஆளில்லை?"
என்னைக் கேட்டார்.
வாடிக்கையாளர் விபரம் நான் சொல்லக்கூடாது.
சொல்லவில்லை.
மூன்று படிவங்களையும் பரப்பி வைத்து
ஒன்றின் மேல் மட்டும் பேனையை வைத்தேன்.

பேரன்மாரில் ஒருவன்
கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான்.
மற்றவன் அவருக்காகக் காத்து நின்றான்.

கை நடுங்கியது. பயமல்ல, வயது.
'வீ' கோட்டைத் தாண்டி ஓடிற்று.
பாதிப் பெயரில் பேனை இளைப்பாறியது.
மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்தேன்.
அதில் அதே எழுத்துகள்
வரம்பில் நிற்கிற இளந்தாரிபோல.
"பெருவிரல் வைக்கலாம் ஐயா."
"எனக்கு எழுத்துத் தெரியும்" என்றார்,
முதல் தடவையாக என்மேல் கோபப்பட்டு.

'ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே
என் கையெழுத்தைப் போட்டேன்.
அதுவும் நேராக வரவில்லை.

ஆனி மாதப் பென்சன் நாள்.
மேலாளர் உள்ளே போகும்வரை பார்த்திருந்து
"அந்த மெசின் ஓடுதோ?" என்றார்.
"கணக்கு விபரம் சொல்ல ஏலாது ஐயா."

வரும் வழியில் அரைப்பித்த
சிவப்பரிசி மாப் பையைக்
கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன்.
அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.
வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இன்னும் சூடு ஆறேல்லை" என்றார்.
பிறகு காசை எண்ணினார்,
இரண்டு தரம்.