இரண்டாவது பீப்

ஆனியில் மூன்று ஷிப்டும் ஓடும்.
சந்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூரா ஏற்றிய லாரிகள்
காவேரிப்பட்டணம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்.
காம்பு கிள்ளி, தோல் சீவி, கொட்டை தள்ளி
பத்தாம் நாள் எங்கள் விரலில் ரேகை இருக்காது.
மாம்பால் தின்றிருக்கும்.

போன வருஷம் கூழ் கம்பெனி வாசலில்
ஒரு கண்ணாடிச் சதுரம்.
விரல் வைத்தால் சிவப்பு.
முந்தானையில் துடைத்து வைத்தால் சிவப்பு.
தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால்
கொஞ்சம் யோசித்துவிட்டு
சிவப்பு.
பின்னால் நாற்பது பேர்.
நான் நானில்லை என்று ஒரு மிஷின் சொன்னதில்
எனக்கு அரை நாள் கூலி போயிற்று.
வேடியம்மாளுக்கு ஆறு அரை நாள்.
"சுண்டு விரலை வெச்சுப் பாரும்மா" என்பார்
டைம் ஆபீஸ் இம்தியாஸ்.
பத்தையும் வைத்துப் பார்த்தோம்.
கால் விரலைக் கேட்கவில்லை,
அந்த மட்டும் புண்ணியம்.

இந்த சீசனுக்கு அட்டை.
வெள்ளை பிளாஸ்டிக், நீல நாடா,
படத்தில் யாரையோ முறைக்கிறேன்.
தேய்க்க வேண்டாம், செருக வேண்டாம்,
கை கழுவிக்கொண்டு வர வேண்டாம்.
ஜாக்கெட்டுக்குள் கிடந்தாலும்
நாலு விரற்கடை கிட்டே போனால்
பீப். பச்சை.
உள்ளே பேட்டரி கிடையாதாம்.
சுற்றிச் சுற்றி ஒரு செம்புக் கம்பி, கடுகளவு சிப்.
பெட்டியை நெருங்கும்போதுதான் உயிர் வருமாம்,
நம்பரைச் சொல்லுமாம்,
விலகினால் திரும்பவும் கட்டையாம்.
இம்தியாஸ் சொல்லி முடிப்பதற்குள் திம்மக்கா:
"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், சம்பளத்தன்னிக்கு மட்டும்."

நேற்று விடிகாலை பஸ் ஸ்டாப்பில்
வேடியம்மாள் தன் அட்டையை என் கையில் திணித்தாள்.
சின்னவனுக்கு ஜுரம்.
கிருஷ்ணகிரி ஜி.எச்.சில் சீட்டு போட்டுக் காட்டிவிட்டு
எட்டு மணிக்கு வந்துவிடுவாளாம்.
விரலென்றால்
கழற்றிக் கொடுத்திருக்க முடியாது.

ஆறு மணி. முதல் பீப் எனக்கு.
இரண்டாவது பீப்.
அவள் இல்லாத வாசலில்
அவள் பெயர் பச்சையாக எழுந்தது.
போன வருஷம் அவளே நின்று
பத்து விரலால் கூப்பிட்டும் வராத பெயர்.

இம்தியாஸ் நிமிர்ந்தார்.
என்னைப் பார்த்தார், என் கழுத்தில்
நாடா இரண்டையும் பார்த்தார்.
பேனா மூடியைக் கழற்றினார்.
மூடினார்.
"பார்த்துப் போம்மா, உள்ளே தரை வழுக்குது."

அவள் பங்குக் கூடையையும் நான்தான் சீவினேன்.
கணக்கு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

எட்டேகாலுக்கு வந்தாள்,
தோல் வண்டி போகிற பின் கேட் வழியாக.
பால் ஒட்டிய கையோடு அட்டையை நீட்டினேன்.
வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கத்தியை எடுத்தாள்.
"இறங்கிச்சா?" என்றேன்.
"நூத்தி ஒண்ணு" என்றாள்
முதல் காயைத் திருப்பியபடி.