கசிவு

இந்த வீட்டை வாங்கியபோது
குளமும் கூடவே வந்தது, ஓட்டையும் கூடவே.
ஹெத்வின் அதை மானப் பிரச்சினையாக்கிக்கொண்டான்.
சனிக்கிழமை தவறாமல்
முட்டளவு ரப்பர் பூட்ஸில் இறங்கி
நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
எந்தப் பக்கம் இழுக்கிறதென்று
குனிந்தே கிடப்பான்.
சாயம் எங்கும் போகவில்லை.
தண்ணீர் மட்டும் போனது.

எனக்குத் தெரியும் எங்கே என்று.
கிழக்குக் கரையில் புல் முதலில் கறுத்தது,
பிறகு கால் வைத்தால் உறிஞ்சியது,
ஒருநாள் என் இடது செருப்பை வாங்கிக்கொண்டு
திருப்பித் தரவேயில்லை.
அந்த இடத்தில்தான்
லாம்பீட்டர் சந்தையில் ஒருத்தி
ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தந்த
பதினோரு பிரிமுலாக்களை நட்டேன்.
"கால் நனையலாம், கழுத்து நனையக் கூடாது"
என்றாள், சில்லறை எண்ணியபடி.

குளிர்காலத்தில் ஒன்றுமில்லை.
செத்ததா, உறங்குகிறதா என்று
விரலால் தோண்டிப் பார்த்து
வெட்கப்பட்டு மூடினேன்.
ஏப்ரலில் சுருக்கம் விழுந்த இலை.
மே கடைசியில் தண்டு,
தண்டைச் சுற்றி ஒரு வளையம் பூ,
அதன்மேல் இன்னொரு வளையம்,
முடிந்தது என்று நினைத்தால் மேலே இன்னொன்று.
கடன் வாங்கிக் கட்டும் வீடு மாதிரி
மாடிக்கு மேல் மாடி.
அத்தனையும் ஆரஞ்சு.
ஆடு ஓட்டிப் போன குவிலிமின் பையன்
வேலியில் தலையை நுழைத்து
"தீப்பிடிச்சிருக்கா?" என்றான்.

அடுத்த வருடம் ஹெத்வின்
ஓட்டையைக் கண்டுபிடித்தான்.
சுண்டுவிரல் நகமளவு.
ஒட்டுப் போட்டான். ஊருக்கே சொன்னான்.
குளம் இஸ்திரி போட்டதுபோல்
விளிம்புவரை நின்றது.

மழை மறந்த ஜூன் அது.
பத்தே நாளில் கரை வெடித்தது.
இலைகள் தரையில் படுத்தன.
வாளி வாளியாய் ஊற்றினேன்.
ஊற்றுகிற தண்ணீர் வேறு, கசிகிற தண்ணீர் வேறு;
அது விருந்து, இது சாப்பாடு.

இரவு பத்தரை, வெளிச்சம் இன்னும் போகவில்லை.
ஜன்னல் வழியே அவன் குறட்டை.
கம்பளி பின்னும் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன்.
முழங்கைவரை மடித்தது போதவில்லை,
தோள்வரை நீருக்குள்.
அவன் ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளிக்
குத்தினேன்.
ஒரு குமிழ்கூட வரவில்லை.
துரோகம் என்றால்
இவ்வளவு சத்தமில்லாமலா நடக்கும்?

வாரக் கடைசியில் அவன் கரையில் நின்றான்.
நீரைப் பார்த்தான், இரண்டு விரல் இறங்கியிருந்தது.
நிமிர்ந்துவிட்ட இலைகளைப் பார்த்தான்.
கொடியில், தோள்வரை பாசிக்கறை போகாத
என் வலது சட்டைக் கையைப் பார்த்தான்.
தேநீர் ஆறிவிட்டது என்றான்.

இப்போதெல்லாம் மாலையில்
அவனே ரப்பர் குழாயை இழுத்து வந்து
குளத்துக்குள் போட்டுவிட்டுப்
பூக்களுக்கு எதிரே உட்காருகிறான்.
"ஆவியாகிப் போகுது" என்கிறான்,
"என்ன வெயில் பார்."
ஆமாம் என்கிறேன்.
அவன் தொப்பி விளிம்பிலிருந்து
மழை சொட்டிக்கொண்டிருக்கிறது.