பத்தும் செய்யாது

டுலூத்தில் மார்ச். ஏரி இன்னும் உடையவில்லை.
தாதுக் கப்பல்கள் துறையில் பனிக்குள் நின்றபடி.
ஆரின் சமையலறை மேசையில் கணினியைத் திறந்தான்.
சி-நான்காம் கட்டத்தில் பத்து என்று இருந்தது.
பத்து விழுக்காடு, ஆண்டுதோறும்,
மாதச் சம்பளம் போலத் தப்பாமல்.

அந்த ஒற்றை எண்ணிலிருந்துதான்
வலப்பக்கம் எல்லாமே கிளைத்திருந்தது:
ஐம்பத்தொன்பதில் ஓய்வு,
ஈலிக்கு வடக்கே ஒரு மரவீடு,
என் முழங்கால்,
ஒரு படகு. அதற்கு லின்னியா என்று
பெயர்கூட வைத்துவிட்டான்.

நான் இருபத்தாறு வருடம்
மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் இருந்தவள்.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதினேன்:
பங்கு அறுபது, பத்திரம் நாற்பது.
பங்கு ஏழு தந்தால் கும்பிடு போடலாம்.
பத்திரம் நான்கு. சொன்னதைத் தரும்,
சொன்னதற்கு மேல் ஒரு காசு தராது.
கலந்தால் ஐந்தே முக்கால் சொச்சம்.
ஆலோசகர் ரான்டலுக்கு முக்கால்.
மிச்சம் ஐந்து. அதில் பாதியை
விலைவாசி விழுங்கும், மெல்லாமலே.

"போன வருடம் இருபத்திரண்டு வந்ததே, மார்லிஸ்."
"வந்தது. இரண்டாயிரத்தெட்டில்?"
பேசவில்லை.
அந்த வருடத்து உறைகளைப் பிரிக்காமலே
ரொட்டிப் பெட்டிக்குள் திணித்துவைத்தது
அவன்தான்.

பணம் பத்தும் செய்யுமாம்.
செய்யும். ஒரு வருடம் பத்து,
மறு வருடம் பதினெட்டைப் பிடுங்கிக்கொள்ளும்,
பிறகு மூன்று வருடம் ஒன்றுமே செய்யாது,
வேலை தேடாத மருமகன் மாதிரி
சோபாவில் கிடக்கும்.
சராசரி என்றொரு வருடம்
எந்த நாட்காட்டியிலும் அச்சாகவில்லை.

பத்தை அழித்து ஐந்தை அடித்தேன்.
வலப்பக்கம் ஒரு கணம் யோசித்தது.
ஐம்பத்தொன்பது அறுபத்தைந்தாயிற்று.
மரவீடு சிவந்தது.
படகுக்கு எதிரே பூஜ்யம்.
முழங்கால் எப்படியோ தப்பியது.

அவன் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றான்,
காபி ஆறும்வரை.
"பனி உடைக்கும் கப்பல் நாளை வருமாம்."
"போன வாரமும் அப்படித்தான் சொன்னார்கள்."
சிரித்தான் என்று சொல்ல மாட்டேன்.
மூக்கு வழியே ஏதோ ஒலி வந்தது.

திரும்பி வந்து
என் தோளுக்கு மேல் கை நீட்டி
ஐந்தை நாலரை ஆக்கினான்.
எதுவும் கேட்காமல்
மாதச் சேமிப்பில் இருநூறு டாலர் கூட்டினான்.
கோப்பை மூடும்முன் பார்த்தேன்:
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இன்னும்
லின்னியா.
அதை நானும் அழிக்கவில்லை.