மற்றும் பலர்

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.
பெயர்கள் ஓடும்போது தேட வேண்டாம்,
'மற்றும் பலர்' என்று வரும்.
அந்தப் பலரில் ஒருத்தி.

சாலிகிராமத்தில், ஏ.சி. ஒழுகும் அறையில்
ஒரே மைக்கைச் சுற்றி எட்டுப் பேர்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.
ஆற்றங்கரைக் குடிசைகளை இடிக்க வருகிறார்கள்.
"ஐயோ, எங்க போவோம்" – இது நான்.
"புள்ளைங்களுக்குப் பரீட்சை நடக்குது சார்" – இது ஃப்ளோரா.
அது தாளில் இல்லாத வசனம்.
அவள் வீட்டை இடித்த அன்று
அவளே சொன்னது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
துரைக்கண்ணு கட்டைவிரலை உயர்த்தினார்.

மதியத்துக்குப் பிறகு அந்தக் காட்சி.
ஆம்பளைங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை என்று
கூட்டத்தின் நடுவே அவளை அறைகிறான்.
கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் பெண்
அன்றைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை.
"ஒரேயொரு 'ஹ்ஹ்' கொடும்மா, போதும்."
கொடுத்தேன்.
மூன்றாவது டேக்கில்தான் சரியாக உட்கார்ந்தது.
முதல் இரண்டிலும்
கோபம் கேட்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை, வடபழனியில் டிக்கெட் எடுத்துப் பார்த்தேன்.
கடைசிப் பேச்சுக்குக் கைதட்டினார்கள்.
அறைக்கு விசிலடித்தார்கள்.
எது அதிகச் சத்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள்,
சத்தம்தான் எனக்குச் சோறு போடுகிறது,
தப்பாகச் சொல்ல மாட்டேன்.
கடைசிப் பேச்சில் நானும் அழுதேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் டீக்கடையில் துரைக்கண்ணுவைப் பிடித்தேன்.
"அவன்தான் கடைசில மன்னிப்புக் கேக்குறானேம்மா?"
"யாருகிட்ட? அவங்க அம்மாகிட்ட."
"படம் நெலத்தப் பத்தி.
எல்லாத்தையும் ஒரே படத்துல சொல்ல முடியுமா?"
"அவளக் காலி பண்ணிட்டுத்தான சார்
காலி பண்ணாதேன்னு பேசுறான்?"
அவர் பிஸ்கட்டை டீயில் முக்கினார்.
அது உடைந்து உள்ளே விழுந்தது.
கொஞ்ச நேரம்
இருவரும் அதையே பார்த்தோம்.

ஃப்ளோரா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்திருந்தேன்.
அவள் சிரித்தாள்.
"பொக்லைனுக்கு முன்னாடி நாங்க பொம்பளைங்கதான் உக்காந்தோம்.
ஒரு பய வந்து பாக்கல.
படத்துல அவன் உக்கார்றான், ஊரே பாக்குது.
படம் வந்த மறுமாசம்
எங்க பிளாக்ல லிஃப்ட் ஓடுது, தெரியுமா?
எட்டாவது மாடி.
நீ அறையப் பத்திப் பேசு.
நான் லிஃப்ட்ல போறேன்."

எட்டு மாடிக்கு எதிராக
என்ன சொல்ல?
பஸ் வந்தது. ஏறினோம்.
நடத்துநர் கேட்காமலே
பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு இரண்டு கிழித்தார்.
சைதாப்பேட்டைப் பாலத்தில்
பஸ் நகராமல் நின்றபோது,
ஆற்றைப் பார்த்தபடி கேட்டாள்:
"அந்தச் சத்தம் நீதான?"
ஆமாம் என்றேன்.
"தெரியும். தூக்கிவாரிப் போட்டுச்சு.
எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு."
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.
விசிலடித்தாரா என்று
நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு டிவியில் போட்டார்கள்.
மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன்.
எதிர் வீடு, கீழ் வீடு, மருந்துக்கடை மாடி,
எங்கள் வீட்டிலும்தான்.
ஒவ்வொரு பெட்டிக்கும் அரை நொடி வித்தியாசம்.
நான்கு ஜன்னல்களிலிருந்து
வரிசையாக அடி வாங்கினேன்,
பிறகு சமையல் எண்ணெய் விளம்பரம்.

அந்த ஒரு சத்தத்துக்குத் தனியாக இருநூறு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன்.
முதல் இரண்டு டேக்கும்
சாலிகிராமத்தில் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும்.
அழித்திருக்க மாட்டார்கள்.
அழிப்பதற்கும்
ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டுமே.