மேற்பார்வையாளர் இல்லாத வீடு

கடை இருக்க வேண்டிய இடத்தில் கடை இல்லை.
அமைப்புகளைத் திறந்தால்
சாதனங்கள், அறைகள், ஆட்கள், காப்புப்பிரதி.
நடுவில் 'துணைநிரல்கள்' என்றொரு வரி வேண்டும்.
வழிகாட்டியில் இருக்கிறது, படத்தோடு இருக்கிறது.
என் திரையில் மட்டும்
விழுந்த பல்லின் பள்ளம்கூட இல்லாமல்
ஈறு மூடிக்கொண்டிருக்கிறது.

வெளியே குசாமோ. மைனஸ் இருபத்தொன்பது.
மூன்றே முக்காலுக்கு நான் பனி தள்ளப் போக வேண்டும்.
அதற்குள் என் கார் எஞ்சின்
இரண்டு மணி நேரமாவது சூடாகியிருக்க வேண்டும்,
மின்சாரம் மலிவாகும் மணியாகப் பார்த்து.
வாசல் கம்பத்தில் எலக்ட்ரீஷியன் பொருத்திய புது ரிலே
ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது.
அதன் பேச்சு வீட்டுக்குப் புரிய
ஒரே ஒரு துணைநிரல்.

வீட்டை விற்றவர் விட்டுப்போன சிறு கணினி
மின்பெட்டிக்குப் பின்னால்,
மூன்று தீப்பெட்டி அடுக்கிய அளவு, பச்சை விளக்கு,
மேலே டேப் ஒட்டிய சீட்டு:
'பிடுங்காதே.'

பிடுங்கவில்லை.
மற்ற எல்லாம் செய்தேன்.
பக்கத்தைப் புதுப்பித்தேன். உலாவியின் நினைவைக் கழுவினேன்.
என் பெயருக்குக் கீழே 'மேம்பட்ட பயன்முறை';
தள்ளினேன்.
சற்றே மேம்பட்டவளாக உணர்ந்தேன்,
கடை வரவில்லை.
மறுதொடக்கம் செய்தேன்.
வீட்டு விளக்கெல்லாம் ஒரு நிமிடம்
நான் யாரென்று யோசித்தன.

பதினொன்றேகாலுக்கு, கடைசிப் பக்கத்தின் அடியில்,
யாரும் படிக்காத எழுத்தளவில்:
நிறுவல் வகை, கன்டெய்னர்.
மேற்பார்வையாளர், இல்லை.

அது ஒரு நிரலின் பெயராம்.
அது இருந்தால்தான் கடை திறக்குமாம்.
தொலையவில்லை, இருந்ததே இல்லை.
மூன்று மணி நேரமாக நான் தேடியது
கட்டாத அறையின் சாவி.

என்சியோ பூருனென் இப்போது ஓவ்லுவில், ஓர் அடுக்ககத்தில்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
சொன்னேன்.
நீண்ட மௌனம். எங்கள் ஊரில் அதுவும் பேச்சுதான்.
பிறகு,
'முப்பத்தொரு வருஷம் கூழ் ஆலை, துய்ரே.
எல்லா ஷிப்டிலும் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன்.
வீட்டுக்குள்ளும் ஒருத்தனை எதற்கு என்று
விட்டுவிட்டேன்.'

கோபம் வந்திருக்க வேண்டும்.
ஆறிப்போன காபியோடு சிரித்துவிட்டேன்.

'கடை இல்லை என்றால் சரக்கே இல்லையா?
நேராக இறக்கிக்கொள்ளலாம்.
எழுது.'

சொற்கள் சுலபம். வெற்றிடம்தான் கஷ்டம்.
'புது வரி. இரண்டு இடைவெளி. டேப் தட்டாதே.
புது வரி. நான்கு.'
கொஞ்ச நேரத்தில் எண்ணைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.
ஓர் இடைவெளிக்கு ஒரு மூச்சு நிறுத்தினார்,
நான் கட்டைவிரலால் எண்ணினேன்.
வீடு கைமாறிய அன்று கைகுலுக்கியதோடு சரி.
இன்று ஒன்றுமில்லாததை
இத்தனை கவனமாக
ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கோ ஒரு மூச்சு தவறியது.
பதினான்காம் வரியில் பிழை என்று
மொத்தக் கோப்பையும் துப்பியது கணினி.
பதினான்கைத் துருவித் துருவிப் பார்த்தேன்.
பிழை பன்னிரண்டில்.
'அது அப்படித்தான்,
வலிப்பது ஓர் இடம், கத்துவது ஓர் இடம்.'

கடைசி வரியை மட்டும் இருமுறை சொன்னார்:
நானாக நிறுத்தும்வரை, விழுந்தால் எழு.

ஒன்று நாற்பதுக்கு
வாசல் கம்பத்துப் பெட்டிக்குள்
டிக்.

'கேட்டதா?'
'கேட்டது' என்றார்.
இருநூறு கிலோமீட்டர், மூடிய ஜன்னல்,
கேட்டிருக்க வழியில்லை.
'விலை எவ்வளவு காட்டுகிறது?'
'மூன்றரை சென்ட்.'
'பரவாயில்லை' என்று வைத்துவிட்டார்.

இனிப் படுத்துப் பயனில்லை.
காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.
நிலவறை விளக்கு மட்டும்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது,
நான் யாரென்று.