எந்தக் காசில்

இருநூறு என்றுதான் கடிதத்தில் இருந்தது.
இருநூறு, சரி, எந்தக் காசில் என்றார்
கிளெனிஸ் பிரிச்சர்ட்,
ஆறாம் தளத்தில் கூரை ஒழுகிய அறைக்காரர்.

பவுண்டு என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.
கப்பலுக்கு டாலர்தான் தாய்மொழி.
சவுத்தாம்ப்டனில் அவர் கட்டியது பவுண்டு,
பெர்கனில் குடித்த காப்பி குரோனர்,
என் திரையில் எல்லாம் ஒரே பச்சை எழுத்து.

"நடுக்கடலில் என்ன மாற்று விலை?"
நாங்கள் வைத்ததுதான், அம்மா.

சிரித்துவிட்டார். எனக்கு வரவில்லை.
டாலரில் சம்பளம், ரியெகாவில் யூரோ வாடகை,
அப்பாவின் அலமாரியில்
செல்லாத குனா ஒரு ஜாடி நிறைய.
மாற்றும்போதெல்லாம் விரலிடுக்கில்
கொஞ்சம் ஒழுகிவிடுகிறது.

கடைசி இரவு மறுபடி வந்தார்.
பதினெட்டு டாலர் மிச்சம்.
ரொக்கமாகத் தர விதியில்லை,
நள்ளிரவோடு காலாவதி.

கீழே கடையில் ஒரு குடை வாங்கினார்,
பதினாறே முக்கால்.
அங்கேயே விரித்து, பிடித்தபடியே,
கம்பளம் போட்ட தாழ்வாரத்தில்
அறைக்கு நடந்தார்.

பன்னிரண்டு மணி.
ஒன்றேகால் டாலர்
திரையை விட்டுப் போனது.
எந்தக் காசில் என்று கேட்க யாருமில்லை.
வெளியே வடகடல்.