வரிக்கு நாற்பது பைட்

வாலிநோக்கத்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
கச்சான் காற்று ஓட்டிடுக்கில் விசிலடிக்கிறது.
இன்வெர்ட்டர் சாவதற்குள் பார்த்துவிடலாமென்று
ஜெஸிமா அனுப்பிய மாற்றத்தைத் திறக்கிறேன்.
பதினேழு வரி சிவப்பு,
ஒன்பது வரி பச்சை.

வத்தையில் பொருத்தும் மீன்காட்டிப் பெட்டி.
கடலடியின் எதிரொலியை வரையுமுன்
திரையளவுக்கு நினைவகத்தில்
இடம் பிடித்துத் தருகிற டிரைவர்.
அகலம் ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு புள்ளி,
உயரம் எழுநூற்று அறுபத்தெட்டு,
புள்ளிக்கு நாலு பைட்.

சிவப்பில் கிடப்பது என் பழைய எண்:
ஐயாயிரத்து ஐந்நூற்று நாலு.
பக்கத்தில் ஒரு குறிப்பு, ‘தொடாதே’.
ஏன் என்று இல்லை.

பச்சையில் அவள் எழுதியது
அகலம் பெருக்கல் நாலு.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது.
சரி என்று அழுத்த விரல் போய்விட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று
மேசைமேல் இருந்த பெட்டியில் ஏற்றினேன்.
திரை எரிந்தது.
கடல் சரிந்தது.
வரிக்குப் பத்துப் புள்ளி இடப்பக்கம் நழுவி
நட்டுக்குத்தாய் நின்ற எல்லைக்கோடு
கீழே வரவர நம் கரைப்பக்கம் படுத்துக்கொண்டது.
நல்லமுகம்மது பார்த்திருந்தால்
மீன் நிற்கிற இடத்திலேயே
வத்தையைத் திருப்பியிருப்பார்.
அடியில், கடைசி ஐந்தரை வரியில்,
யாருடைய நினைவோ
பச்சையும் ஊதாவுமாய் மினுக்கியது.

சிப்பின் கையேட்டை இன்றுதான் முழுக்கப் படிக்கிறேன்,
நூற்றுப் பதினொன்றாம் பக்கம்.
அதற்கு அறுபத்துநாலு அறுபத்துநாலாகத்தான் எண்ணத் தெரியும்.
எண்பத்தைந்தும் சொச்சமும் வந்தால்
எண்பத்தாறு என்று வைத்துக்கொள்ளும்.
மிச்சம், வரிக்கு நாற்பது பைட்,
ஒன்றும் இல்லாதது,
திரைக்கு வராதது.

ஜன்னலுக்கு வெளியே நிலவில் உப்பளம்.
பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு.
அதில் உப்பு விளையாது.
மூட்டைக் கணக்கில் அதற்குப் பெயரும் கிடையாது.
வாருகிறவன் கால் வைக்க
வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

‘இது அடிப்படை, ஜெஸிமா’ என்று தொடங்கினேன்.
அழித்தேன்.
நாலு வருசத்துக்கு முன் ஒரு ராத்திரி
ஐயாயிரத்து ஐந்நூறு போட்டேன், லேசாய்ச் சாய்ந்தது.
இருபது கூட்டினேன், அந்தப் பக்கம் சாய்ந்தது.
குறைத்துக் குறைத்து ஐந்நூற்று நாலில்
கோடு நிமிர்ந்தபோது மணி மூன்று.
காரணம் கேட்கப் பயமாக இருந்தது.
‘தொடாதே’ என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

அவள் தொட்டதால் தெரிந்தது.

மறுபடி எழுதினேன்:
உன் கணக்கே இருக்கட்டும்.
கடைசியில் அறுபத்துநாலின் மடங்குக்கு உயர்த்து.
ஒதுக்குகிற இடத்தையும் அதை வைத்தே பெருக்கு.
ஏன் என்று ஒரு வரி எழுது,
நூற்றுப் பதினொன்றாம் பக்கம் என்றும் போடு.
என் எண்ணை எடுத்துவிடு.
அந்தக் குறிப்பையும்.

டவர் ஒரு கோட்டில் நின்று யோசித்தது.
போனது.

கீழக்கரையில் அவளும் தூங்கவில்லை போல.
நாலு நிமிடத்தில் பதில்:
‘சரி. அந்தத் தொடாதே யார் எழுதினது?’

பதிவில் என் பெயரும் தேதியும்
பளிச்சென்று இருக்கின்றன.
பார்க்காமல் கேட்கிற ஆள் இல்லை அவள்.

கரண்ட் வந்து ஃபேன் சுற்றத் தொடங்குகிறது.
மேசைமேல் இன்னும்
சரிந்தபடியே கிடக்கிறது கடல்.